காவடி இறங்கும் வீடு

மூன்றாவது ஆணியும் வளைந்தது. ஏணியில் நின்றவன் அதைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு தகட்டை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினான். காரை உதிர்ந்து கீழே நின்ற பிரபாவதியின் தலையில் விழுந்தது. அவள் கையில் வெந்நீர் வாளி இருந்தது. பின்கட்டில் மொட்டையடித்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் குளிக்கக் காத்திருந்தது.

“நிலைல அடிப்பா. செவுத்துல நிக்காது.”

“நிலைல அடிக்கக் கூடாதும்மா. பழைய மரமாம். ஆபீஸ்ல சொல்லிக்கீறாங்க.”

நான்காவது ஆணி நின்றது. இரண்டு உள்ளங்கை அளவில் நீலத் தகடு. மேலே தெருச் சீரமைப்பு முகமையின் முத்திரை, நடுவில் 41 என்ற எண், அதற்குக் கீழே ஒரே ஒரு சொல். சத்திரம்.

பிரபாவதி வாளியைக் கீழே வைத்தாள். இது சத்திரமில்லை, வீடு என்றாள். அவன் இறங்கிவந்து செல்போனில் பட்டியலைத் தள்ளிப் பார்த்தான். நாற்பது வீடு, நாற்பத்தொன்று சத்திரம், நாற்பத்திரண்டு வீடும் கடையும். பட்டியலில் இருப்பதை அடிப்பதுதான் தன் வேலை என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

எதிரே பூக்கடையில் சரம் கட்டிக்கொண்டிருந்த தேவயானி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சத்திரத்தம்மா, எனக்கு ஒரு ரூம் கெடைக்குமா?”

பிரபாவதி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வெந்நீர் கேட்டார்கள். போனாள்.

தெருவுக்குக் குளத்தங்கரைத் தெரு என்று பெயர். திருத்தணியில் குளத்துக்கும் மலைப் படிகளுக்கும் நடுவில் இருக்கிறது. வீடு பதினோரு அடி அகலம், எண்பது அடி நீளம். முன்கூடம், முற்றம், சமையலறை, கடைசியில் கிணறும் மூன்று குளியலறைகளும். பின்பக்கம் வழி கிடையாது. உள்ளே போனவர் வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

பிரபாவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆர்.கே.பேட்டையில் நிலம் வைத்து உழுத குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தணிகைமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மலைக்கு வருகிறவர்களுக்குக் குளிக்கவும் துணி மாற்றவும் அறை விடுவதுதான் அந்த வீட்டுப் பிழைப்பு. காலை நாலரைக்கு அடுப்பு மூட்டுவாள். வெந்நீர் சுமப்பாள். மொட்டைத் தலையிலிருந்து ஒழுகும் துணுக்கு முடி சாக்கடைத் துளையை அடைத்துக்கொள்ளும். வளைத்த கம்பியால் அதைத் தினமும் இழுத்தெடுப்பாள். முப்பத்து நான்கு வருஷங்களாக அவள் கையில் வருவது ஊர்பேர் தெரியாதவர்களின் முடி.

முன்கூடத்துச் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், வட்டமாகச் சந்தனக் கறைகள் இருக்கும். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு சாய்ந்து உட்காருகிறவர்கள் விட்டுப்போவது. வருஷத்துக்கு இரண்டு முறை வெள்ளையடித்து அதை மறைப்பாள். மாமனார், மாமியார் என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். குழந்தை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் தணிகைமணியும் போனார். வீடு அவள் பெயருக்கு வந்தது.

வாசல் கதவுக்குச் சாவி இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோதே இல்லை. உள்தாழ்ப்பாள் மட்டும்தான். கேட்டதற்கு, இந்த வீட்டில் எப்போதும் ஒருத்தர் இருப்பார்கள், வெளியே பூட்ட வேண்டியதில்லை என்று மாமியார் சொன்னாள். அந்த ஒருத்தர் யார் என்பது போகப்போகத் தெரிந்தது. தங்கை கல்பனாவின் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் இரவு தங்கியதில்லை. கடைக்குப் போவதென்றாலும் தேவயானியிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். தேவயானி பூ கட்டுவதை நிறுத்தாமல் இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன தை மாதம் வீரபத்திரன் வந்து வீட்டைக் கேட்டான். பஸ் நிலையத்துக்கு அருகில் லாட்ஜ் வைத்திருப்பவன். இடித்துவிட்டு நான்கு மாடி கட்ட வேண்டும் என்றான். எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, சாவியை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று சிரித்தான். சாவி இல்லை என்றதும் இன்னும் சிரித்தான். பூட்டே இல்லாத வீட்டில் முப்பது வருஷம் எப்படி ஜெயில் இருந்தீர்கள் என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்டதுதான். அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

மணவூரில் கல்பனா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு இருந்தது. இரண்டு அறை, ஒரு மாடிப்படி. பிரபாவதி காலையில் ரயிலேறிப் போய்ப் பார்த்து மதியமே திரும்பினாள். அந்த வீட்டில் அவள் பார்த்தது ஒன்றுதான். முன்கதவைச் சாத்தினாள். சாத்தியபடி சற்று நேரம் உள்ளே நின்றாள். யாரும் தட்டவில்லை. ஆவணி வரைக்கும் காத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். வீரபத்திரனும் ஆடி கழிந்து பத்திரம் பதியலாம் என்றான்.

இந்த நேரத்தில்தான் நீலத் தகடு வந்தது.

குளத்தைச் சுற்றிய மூன்று தெருக்களையும் பழமை மாறாமல் சீரமைப்பதற்காக அரசாங்கம் ஒரு முகமையை ஏற்படுத்தி இரண்டு வருஷமாகிறது. முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். தெருவுக்குக் கல் பாவப்போகிறோம், மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகப்போகிறோம் என்று திரையில் படம் காட்டினார்கள். படத்தில் இருந்த தெருவில் சாக்கடையும் இல்லை, ஆட்களும் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பிரபாவதியும் தட்டினாள்.

முகமையின் அலுவலகம் பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. மணமகள் அறை என்று எழுதியிருந்த கதவுக்குப் பின்னால் உதவித் திட்ட அலுவலர் குணசேகரன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். அவள் கொண்டுபோயிருந்த பட்டாவையும் வரி ரசீதையும் கடைசி வரி வரை படித்தார். படித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, வீடு உங்களுடையதுதான் என்றார்.

பிறகு ஏன் சத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“படிவத்துல அது வேற கட்டம் மேடம். சொந்தக்காரர் யார்ங்கறது தாலுக்கா ஆபீஸ் விஷயம், அதை நாங்க தொடல. நாங்க பார்க்கறது பயன்பாடு. உங்க வீட்டோட பயன்பாடு சத்திரம்.”

பயன்பாடு சத்திரம் என்றால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கினார். இடிக்க முடியாது. தனியாருக்கு விற்கப் பத்திரம் பதிய முடியாது, சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் பட்டியல் போய்விட்டது. சுவரில் ஆணி அடிக்க, ஓடு மாற்ற, வெள்ளையடிக்க அனுமதி வாங்க வேண்டும். முன்கூடத்துச் சந்தனக் கறைகளை முகமையின் ஆலோசகர் படமெடுத்துப் போயிருக்கிறார், அவற்றைக் கட்டாயம் தொடக் கூடாது. மற்றபடி அவள் அங்கே எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

“இருக்கலாம்,” என்று அவளும் சொன்னாள்.

சத்திரம் என்று யார் சொன்னது என்று கேட்டபோது குணசேகரன் பட்டாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு போன வருஷம் வீடுகளைக் கணக்கெடுத்த யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். யுவஸ்ரீ ஒப்பந்தத்தில் வேலை செய்கிற பெண். கையில் டேப்லெட் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதில் ஒரு வீடியோவை எடுத்துப் பிரபாவதியின் பக்கம் திருப்பினாள்.

போன வருஷத்து ஆடிக் கிருத்திகை. பிரபாவதியின் வாசல். புஷ்பக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மையார்குப்பத்துக் கண்ணையன் தெருவில் நிற்கிறான். பின்னால் அவன் ஊர்க்காரர்கள் இருபது பேர். பிரபாவதி செம்பிலிருந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றுகிறாள்.

“யாரு வூடு?” என்று கண்ணையன் கேட்கிறான்.

“உங்க வூடு,” என்கிறாள் பிரபாவதி.

கண்ணையன் வலது காலை உள்ளே வைக்கிறான். வீடியோ முடியவில்லை. கூட்டம் உள்ளே போனதும் யுவஸ்ரீயின் குரல் கேட்கிறது. ஆன்ட்டி, வீட்டு ஓனர் யாரு? பிரபாவதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் இறங்கியிருக்கும் காவடியைக் காட்டுகிறாள்.

“இன்னிக்கு அவங்க வூடும்மா.”

பிரபாவதி அதைப் பார்த்தாள். தன் குரல் அவ்வளவு மெலிசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வழக்கம் அது. அம்மையார்குப்பத்து நெசவாளர்களில் இருபது குடும்பங்களின் காவடி, மலையேறுவதற்கு முன் இறங்குவது இந்த வீட்டில். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று யார் வீடு என்று கேட்பார்கள். வீட்டுப் பெண் உங்கள் வீடு என்று சொன்னால்தான் படி ஏறுவார்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்கள். காவடி கூடத்தில் இருக்கும் வரை வீட்டுக்காரர்கள் எதையும் எங்களுடையது என்று சொல்லக் கூடாது. தங்கள் பாயில்கூட, உங்கள் பாயில் படுத்துக்கொள்ளட்டுமா என்று வந்தவர்களைக் கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். தணிகைமணி அதை வேடிக்கையாகச் செய்வார். உங்கள் பீடியில் ஒன்று பிடிக்கட்டுமா என்று தன் கட்டைக் காட்டிக் கண்ணையனிடம் கேட்பார்.

கல்யாணமான வருஷம் முதல்முறையாக வாசலில் நின்றபோது பிரபாவதிக்கு வார்த்தை வரவில்லை. மாமியார் பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். சொல்லு. சொன்னாள். அப்போது வீடு அவளுடையதாக இல்லை. சொல்வது சுலபமாக இருந்தது.

அது மரியாதைக்குச் சொல்வது என்று குணசேகரனிடம் விளக்கினாள். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பதிவில் மரியாதை என்று ஒரு கட்டம் இல்லை என்றார். அவரால் இரண்டு வழிதான் சொல்ல முடிந்தது. அந்த வீட்டில் எங்களுக்கு வழக்கப்படியான உரிமை எதுவும் இல்லை என்று அம்மையார்குப்பத்துக்காரர்கள் எழுதித் தரலாம். இல்லையென்றால், எந்த நாளின் பயன்பாடு பதிவாகியிருக்கிறதோ அதே நாளில் அவரே நேரில் வந்து பார்த்து மாற்றி எழுதலாம். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதை விட்டால் பட்டியல் சென்னைக்குப் போய் அரசாணையாகிவிடும். அப்புறம் அவர் கையில் இல்லை.

மறுநாள் தேவயானியிடம் வாசலை ஒப்படைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினாள். அம்மையார்குப்பத்துக் கண்ணையன் வீட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சொல்வது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவன் மனைவி சுலோச்சனா போய் இரண்டையும் நிறுத்தினாள். திடீரென்று எல்லாம் கேட்டது. தெருவில் ஒரு கோழி நடப்பதுகூட.

பிரபாவதி எல்லாவற்றையும் சொன்னாள். விற்கப்போவதையும் சொன்னாள். கண்ணையன் மூன்று வருஷம் அவளுக்கு இளையவன். தணிகைமணியை அண்ணே என்று கூப்பிட்டவன். விரலில் ஒட்டியிருந்த நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

“வித்துக்கங்க அண்ணி. யாரு வாணாம்னா? அது உங்க சொத்து. லாட்ஜ் ஆயிட்டா நாங்க மண்டபத்துல எடம் புடிச்சிக்கிறோம். ஆனா எங்களுது இல்லன்னு எழுதிக் குடுக்க முடியாது.”

“எழுதினாத்தான் நான் விக்க முடியும், கண்ணையா.”

“எங்க தாத்தா கேட்டுகினு நின்னாரு. எங்கப்பா நின்னாரு. இல்லன்னு கைநாட்டு வெச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு அந்த வாசல்ல வந்து நிப்பேன்?”

“எங்கூட்டு ஆளு நாலு எழுத்து எழுத நாப்பது நாள் யோசிப்பாரு,” என்றாள் சுலோச்சனா. “மளிகைக்கு சீட்டு எழுதச் சொன்னாலும் இப்பிடித்தான். எனக்கு இன்னா, கடைக்காரனையும் யாரு கடைன்னு கேட்டுட்டு உள்ள போவாரோன்னு பயம்.”

கண்ணையன் சிரித்தான். பிரபாவதிக்கும் சிரிப்பு வந்தது. சுலோச்சனா காபி கொண்டுவந்தாள். காபி குடிக்கும்போதுதான் பிரபாவதிக்கு அந்த யோசனை தோன்றியது. எழுத வேண்டாம். இந்த வருஷம் வாசலில் நின்று கேட்காமல் இருந்தால் போதும். அவன் கேட்க வேண்டாம், அவளும் சொல்ல வேண்டாம். உறவுக்காரர் வீட்டுக்கு வருவதுபோல நேராக வந்து உட்காரட்டும். அதிகாரி பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும்.

கண்ணையன் எழுந்து தறிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கேக்கமாட்டேன் என்றான். நெசவுப் பலகையில் கை வைத்து இன்னொரு முறை சொன்னான்.

“கேக்கமாட்டேன் அண்ணி. போங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிரபாவதி தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி எத்தனையோ வருஷமாகியிருந்தது. திருத்தணி வந்ததும் நடத்துநர் எழுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சாமான்களைப் பிரித்து வைக்கத் தொடங்கினாள். மணவூருக்கு எடுத்துப்போக வேண்டியவை சமையலறையில் ஒரு மூலையில் சேர்ந்தன. அதிகமில்லை. இரண்டு பெட்டி, மிக்ஸி, தணிகைமணியின் படம். வாளிகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்வதாக இல்லை. கல்பனாவுக்குப் போன் செய்து, அந்த வீட்டு முன்கதவுக்கு எத்தனை சாவி இருக்கிறது என்று கேட்டாள். மூன்று என்று கல்பனா விசாரித்துச் சொன்னாள். எதற்கு அதெல்லாம் என்று கேட்டாள். சும்மா என்றாள் பிரபாவதி.

ஆடிக் கிருத்திகையன்று குளத்தங்கரைத் தெருவில் நிற்க இடமில்லை. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று குளியலறைக்கும் வரிசை முற்றத்தைத் தாண்டி நின்றது. பதினொரு மணிக்குக் குணசேகரன் யுவஸ்ரீயோடு வந்தார். வாசலுக்கு வலப்பக்கம், தகட்டுக்குக் கீழே நின்றுகொண்டார். யுவஸ்ரீ டேப்லெட்டைத் தலைக்கு மேல் உயர்த்தி வெளிச்சம் பார்த்தாள். எதிரே தேவயானியின் கடை நிழலில் வீரபத்திரன் டீ குடித்தபடி நின்றான். நான் எதுவும் பேசமாட்டேன் அக்கா, வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று அங்கிருந்தே சொன்னான்.

பன்னிரண்டு மணிக்குப் பம்பைச் சத்தம் கேட்டது. அரோகரா என்று தெருமுனையில் குரல் எழுந்தது. கூட்டம் ஒதுங்கியது. கண்ணையன் காவடியோடு வந்தான். மஞ்சள் வேட்டி, மேலெல்லாம் விபூதி. காவடி நிறைய சம்பங்கியும் அரளியும். ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தான். பின்னால் இருபது பேர், அவர்களில் சுலோச்சனா.

வாசலுக்கு நேரே வந்து நின்றான். பம்பை நின்றது.

பிரபாவதி செம்போடு படியிறங்கி அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள். தார் ரோட்டில் விழுந்த தண்ணீர் உடனே காய்ந்தது. குதிகாலில் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. அவள் படியேறி ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

கண்ணையன் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

உள்ளேயும் வரவில்லை.

வலது காலைத் தூக்க முயன்றது தெரிந்தது. கால் ரோட்டைவிட்டு அரை அங்குலம் எழுந்து திரும்ப ஊன்றிக்கொண்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காமல் இருந்துவிடலாம் என்று தறியில் கை வைத்துச் சொன்னபோது, கேட்காமல் உள்ளே நுழைய முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது இப்போதுதான் தெரிந்தது. முகத்தில் பயம் இருந்தது.

பின்னால் நின்றவர்களில் ஒருவர் அரோகரா என்றார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

சுலோச்சனா ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கணவனின் கால்களைச் சுற்றி ரோட்டில் ஊற்றினாள். அதுவும் காய்ந்தது. காவடியைத் தெருவில் இறக்கக் கூடாது. தோள் மாற்றவும் கூடாது. கண்ணையன் காவடித் தண்டை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒரு அரளிச் சரம் அறுந்து விழுந்தது.

“இன்னா நடக்குது?” என்று குணசேகரன் மெதுவாகக் கேட்டார்.

“தெரியல சார். போன வாட்டி உடனே உள்ள போய்ட்டாங்க.”

குணசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார். வந்தவர்கள் உள்ளே போகவில்லை என்றால், எழுத வேண்டியது ‘வீடு’ என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பேனாவைத் திறந்தார். அது பிரபாவதிக்குத் தெரிந்தது. வீரபத்திரனுக்கும் தெரிந்தது. டீ கிளாசைத் தேவயானியின் பலகையில் வைத்துவிட்டுப் பிரபாவதியைப் பார்த்துக் கையை அசைத்தான். உள்ளே போய்விடுங்கள் என்று அர்த்தம்.

போகலாம். குளத்து மண்டபம் இங்கிருந்து இருநூறு அடிதான். இன்னும் ஐந்து நிமிஷம் அவள் பேசாமல் இருந்தால் கண்ணையனே அங்கே நடந்துவிடுவான். மண்டபத்தில் கூட்டம் நெரியும், இருந்தாலும் காவடி வைக்க இடம் கொடுப்பார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அடுத்த வருஷம் இந்த இடத்தில் லாட்ஜ் இருக்கும். எல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மணவூர் வீட்டின் கதவு, அதன் மூன்று சாவிகள்.

பின்கட்டிலிருந்து யாரோ வெந்நீர், வெந்நீர் என்று கூப்பிட்டார்கள்.

கண்ணையனின் இடது முழங்கால் மடங்கியது. காவடி ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டு பேர் கையை நீட்டினார்கள், ஆனால் தொடவில்லை. அவன் நிமிர்ந்தான். இன்னும் கேட்கவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“உங்க வூடு,” என்றாள் பிரபாவதி.

யாரும் கேட்காமலே சொன்னாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

கண்ணையன் வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தான். பம்பை எழுந்தது. இருபது பேரும் உள்ளே போனார்கள். போகும்போது சுலோச்சனா பிரபாவதியின் கையை ஒருமுறை அழுத்தினாள். கூடத்தில் காவடி இறங்கியது.

குணசேகரன் படிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். யுவஸ்ரீ டேப்லெட்டைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் பிரபாவதியிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தத்துல பதிவாகல. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா, சொல்லலன்னே நான் எழுதிடலாம்.”

உள்ளே கூடத்தில் பேச்சு நின்றது. இருபது பேரும் அவளைப் பார்க்கவில்லை. காவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க வூடு சார்,” என்றாள். “பதிவாச்சா?”

யுவஸ்ரீ தலையசைத்தாள்.

“வெந்நீர் கேக்கறாங்க. நான் போவட்டா?”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அம்மையார்குப்பத்துக்காரர்கள் குளத்தில் முழுகிவிட்டுக் காவடியோடு மலையேறினார்கள். ஒன்பதரைக்கு இறங்கி வந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்கு வேன் வந்தது. கண்ணையன் செருப்பு போட முடியாமல் காலில் துணி சுற்றியிருந்தான். போய்ட்டு வரோம் அண்ணி என்றான். ஆங் என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வீரபத்திரன் போன் செய்தான். பைபாஸ் பக்கம் ஒரு காலிமனை பார்த்திருப்பதாகச் சொன்னான். அவள் கல்பனாவைக் கூப்பிட்டு, மணவூர் வீட்டுக்காரரைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு யுவஸ்ரீ ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் பிரபாவதியின் பெயருக்கு நேரே காப்பாளர் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். கூடத்துச் சுவரில் புதிதாக ஏழு சந்தனக் கறைகள் விழுந்திருந்தன. யுவஸ்ரீ அவற்றைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கம்பியை விட்டு முடியை இழுத்தாள். சமையலறை மூலையில் இருந்த பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் வைத்தாள். நான்கு மணிக்கு நகரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஐந்து பேர், இரண்டு மொட்டை. அடுப்பு மூட்டினாள்.